லாடெக்கின் ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பு: தமிழ் நூல் செய்வோர் பார்வையில் ஒரு மதிப்பீடு

வேலூர் வட்டாரத்தில் பக்க வடிவமைப்புத் தொழில் செய்பவருக்குத் தமிழ் எழுத்து மட்டும் கைவந்தால் போதாது. குடமுழுக்கு மலர் ஒன்றைக் கட்ட உட்கார்ந்தால், சித்தூர் எல்லைப்புற ஊர்களிலிருந்து தெலுங்கில் வாழ்த்துரை வந்து சேரும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துத் திருமணப் பத்திரிகைகளில் ஒரு பக்கம் உருதுவாக இருக்கும். கல்லூரி ஆண்டு மலரில் பாதிக்கு மேல் ஆங்கிலம். உள்ளூர் வரலாறு எழுதும் ஆசிரியரோ, திருவல்லத்துக் கல்வெட்டையும் மேல்பாடிக் கல்வெட்டையும் கிரந்த எழுத்துகள் உட்பட உள்ளது உள்ளபடி அச்சிட வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பார். இத்தனை எழுத்து முறைகளையும் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்துருவையும் அந்த எழுத்துருவுக்குள் அடங்கியிருக்கும் ஓப்பன்டைப் வசதிகளையும் கட்டளையாக எழுதிப் பெறுவதற்கு, கட்டளைகளைக் கொண்டு நூல் பக்கங்களைக் கோக்கும் லாடெக் மென்பொருளில் பயன்படுவது ஃபாண்ட்ஸ்பெக். வில் ராபர்ட்சன் உருவாக்கிய இந்த இலவசத் தொகுப்பைத் தமிழ் நூல் வேலைக்குத் தொடர்ந்து பயன்படுத்தி வரும் ஒருவனின் மதிப்பீடு இது.

ஓப்பன்டைப் என்பது மைக்ரோசாஃப்ட்டும் அடோபியும் சேர்ந்து 1996இல் அறிவித்த எழுத்துரு வடிவம். அதில் எழுத்துகளின் உருவங்களோடு, எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வந்தால் எந்த உருவத்தை வைக்க வேண்டும், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்ற விதிகளும் அட்டவணைகளாக உள்ளன. ஒவ்வொரு விதித்தொகுப்புக்கும் நான்கெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. தமிழைப் பொறுத்தவரை இவ்விதிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ககரமும் உகரக் குறியும் சேர்ந்து ‘கு’ ஆவது, டகரமும் இகரக் குறியும் சேர்ந்து ‘டி’ ஆவது, ககர மெய்யும் ஷகரமும் சேர்ந்து ‘க்ஷ’ ஆவது போன்றவை கட்டாய விதிகள். அவை இயங்காவிட்டால் பக்கத்தில் தமிழே இராது. மாற்று உருவங்கள், எண்களின் அகலம், எழுத்திடை நெருக்கம் ஆகியவை விருப்ப விதிகள். ஃபாண்ட்ஸ்பெக்கின் பயன்பாட்டு விளக்கம் பெரும்பாலும் இரண்டாம் வகையைத்தான் விரிவாகப் பேசுகிறது. அதன் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் லத்தீன் எழுத்துக்கானவை. தமிழ்ப் பயனருக்கு முதலில் தலைவலி தருவது முதல் வகை.

அந்தத் தலைவலிக்கு மருந்து ஒரே வரியில் இருக்கிறது. எழுத்துருவை அழைக்கும் கட்டளையில் ஸ்கிரிப்ட் என்ற விருப்பத்துக்குத் தமிழ் என்ற மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் தமிழுக்குரிய விதிகள் முறையாக இயங்குவதில்லை. ‘கெ’யில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘மூ’ பிரிந்து கிடக்கும். எழுத்துரு பழுதானது என்று எண்ணி வேறொன்றைத் தேடிப் போகிறவர்கள் பலர் உண்டு. பெரும்பாலும் குற்றம் எழுத்துருவினுடையதாக இருப்பதில்லை. தமிழுக்கு ஓப்பன்டைப்பில் பழைய குறியீடு ஒன்றும் புதிய குறியீடு ஒன்றும் உண்டு. நாம் தமிழ் என்று ஒரு சொல் கொடுத்தால் போதும், எழுத்துருவில் எது இருக்கிறதோ அதைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பைத் தொகுப்பு ஏற்றுக்கொள்கிறது.

லாடெக் கோப்பை ஓட்டும் இயந்திரங்களில் ஒன்றான லுவாலாடெக் வழியாகச் செல்பவர்கள் இன்னொரு விருப்பத்தையும் கவனிக்க வேண்டும். ரெண்டரர் என்ற அந்த விருப்பத்துக்கு ஹார்ஃப்பஸ் என்று கொடுத்தால், பல உலாவிகளும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் தமிழைக் கோக்கப் பயன்படுத்தும் அதே நிரல் இங்கும் வேலை செய்யும். லாடெக்கும் அதன் தொகுப்புகளும் ஒருங்கே வரும் டெக் லைவின் 2020ஆம் ஆண்டு வெளியீட்டிலிருந்து லுவாலாடெக் கட்டளை அந்த நிரலை உள்ளடக்கிய இயந்திரத்திலேயே ஓடுவதால், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஜொனாதன் கியூ உருவாக்கிய ஸீடெக் இயந்திரத்தில் இந்த விருப்பம் இல்லாமலே தமிழ் சரியாக வரும். புதிதாகத் தொடங்குபவருக்கு எது எளிது என்று கேட்டால் ஸீடெக். உருதுவையும் தமிழையும் ஒரே பத்தியில் கலக்க வேண்டியவருக்கு எது வசதி என்று கேட்டால் லுவாலாடெக் என்பேன்.

விருப்ப விதிகளில் தமிழ் நூல் செய்வோருக்கு மிகுந்த பயன் தருவது பழைய எழுத்து வடிவம். தமிழ்நாடு அரசு 1978இல் செய்த சீர்திருத்தத்துக்கு முன் ‘ணா, றா, னா’ ஆகியவற்றுக்குத் துணைக்கால் தனியாக இல்லை. ‘ணை, லை, ளை, னை’ ஆகியவை துதிக்கை போல மேலே வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. பழைய நூலை மறுபதிப்புச் செய்பவரும், கையெழுத்துப் படியின் தோற்றத்தைக் காட்ட விரும்புபவரும் இவ்வடிவங்களைக் கேட்பார்கள். பழைய எட்டுபிட் எழுத்துருக்களின் காலத்தில் இதற்கு வேறு விசையைத் தட்டி வேறு குறியை இட வேண்டியிருந்தது. அதனால் கோப்பில் இருப்பது என்ன சொல் என்பது அந்த எழுத்துருவுக்கு மட்டுமே வெளிச்சம். ஓப்பன்டைப் முறையில் கோப்பிலுள்ள எழுத்து ‘லை’யாகவே இருக்கும், எழுத்துருவில் மாற்று வடிவத் தொகுப்பு ஒன்று வைக்கப்பட்டிருந்தால், ஸ்டைலிஸ்டிக்செட் என்ற விருப்பத்தில் அதன் எண்ணைக் கொடுத்தவுடன் உருவம் மட்டும் மாறும். ஆசிரியர் கடைசி மெய்ப்பில் மனம் மாறி, மேற்கோள்களில் மட்டும் பழைய வடிவம் இருக்கட்டும், உரைநடையில் வேண்டாம் என்றால், மேற்கோள் சூழலுக்கு மட்டும் அந்த விருப்பத்தைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டினால் போதும். முந்நூறு பக்க நூலில் ஒவ்வொரு லையையும் தேடித் திருத்தும் வேலை இல்லை. இந்த ஒரு வசதிக்காகவே இத்தொகுப்பைப் பரிந்துரைக்கலாம்.

ஆனால் எல்லாத் தமிழ் எழுத்துருவிலும் இது கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சில குடும்பங்களில் பழைய வடிவம் தனி எழுத்துருவாகவே வருகிறது. லோஹித் வரிசையில் உள்ள லோஹித் தமிழ் கிளாசிக்கல் அப்படிப்பட்டது. அந்நிலையில் விருப்பத்தை மாற்றுவதற்குப் பதிலாக எழுத்துருக் குடும்பத்தையே மாற்றும்படி கட்டளை எழுத வேண்டும். ஃபாண்ட்ஸ்பெக் இரண்டையும் ஒரே நடையில் எழுத விடுகிறது. மேற்கோள் சூழலின் வரையறையில் ஒரு வரி வேறுபடும், நூலின் உடல் அப்படியே இருக்கும். அடிக்கடி பயன்படும் விதி ஒன்றுக்கு நமக்கு நினைவில் நிற்கும் பெயரை நாமே சூட்டிக்கொள்ளவும் இதில் வழி உண்டு. விதியின் பெயர் தொகுப்பின் பட்டியலிலேயே இல்லாவிட்டால், ராஃபீச்சர் என்ற விருப்பத்தில் நான்கெழுத்துக் குறியீட்டைக் கூட்டல் குறியோடு எழுதினால் இயங்கும், கழித்தல் குறியோடு எழுதினால் அணையும். கட்டாய விதிகளின் குறியீடுகளை இங்கே கொண்டுவந்து அணைத்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம்.

அடுத்தது எண்கள். மலர்களில் நன்கொடையாளர் பட்டியல் இல்லாமல் இருக்காது. பெயர் இடப்புறமும் தொகை வலப்புறமுமாகப் பக்கம் பக்கமாக ஓடும். ஒன்று என்ற எண் குறுகலாகவும் எட்டு என்ற எண் அகலமாகவும் உள்ள எழுத்துருவில் அந்தத் தொகைகள் நேர்க்கோட்டில் நிற்பதில்லை. நம்பர்ஸ் என்ற விருப்பத்துக்கு மோனோஸ்பேஸ்டு என்ற மதிப்பைக் கொடுத்தால் எல்லா எண்களும் ஒரே அகலம் பெற்று ஒன்றன்கீழ் ஒன்றாக அமரும். ஓல்ட்ஸ்டைல் என்று கொடுத்தால் உரைநடைக்கு ஏற்றபடி ஏறி இறங்கும் எண்கள் வரும். நன்கொடையாளர் பட்டியலுக்கு முதல் வகையையும் உரைப்பகுதிக்கு இரண்டாம் வகையையும் தனித்தனியே வரையறுத்துக்கொள்வது ஒரு நாழிகை வேலைகூட ஆகாது.

இங்கேதான் இத்தொகுப்பின் மீது எனக்குள்ள முதன்மையான குறை தொடங்குகிறது. ஓப்பன்டைப்பில் ஒவ்வொரு விதியும் ஓர் எழுத்து முறையின் கீழ், ஒரு மொழியின் கீழ் பதிவாகியிருக்கும். எழுத்துருவைச் செய்தவர் எண் விதிகளை லத்தீன் எழுத்து முறையின் கீழ் மட்டும் பதிவு செய்துவிட்டு, தமிழின் கீழ் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், நாம் ஸ்கிரிப்ட் தமிழ் என்று சொல்லிவிட்டு எண் விருப்பத்தைக் கேட்கும்போது எதுவும் நடக்காது. எண்களின் உருவம் எழுத்துருவில் இருக்கிறது, விதியும் இருக்கிறது, ஆனால் நாம் நிற்கும் வாசலிலிருந்து அதை எட்ட முடியாது. தொகுப்பு இதைக் கண்டுபிடிக்கத்தான் செய்கிறது. இந்த எழுத்துருவில், இந்த எழுத்து முறைக்கு, இந்த மொழிக்கு இந்த விதி இல்லை என்று, ஓட்டத்தின் விவரங்களைத் தாங்கும் பதிவுக் கோப்பில் எச்சரிக்கையும் எழுதுகிறது. ஆனால் அது ஓட்டத்தை நிறுத்துவதில்லை. பதிவுக் கோப்போ நூற்றுக்கணக்கான வரிகள் கொண்டது. அவசரத்தில் பிளேட்டுக்கு அனுப்புகிறவர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. கேட்ட வசதி கிடைக்கவில்லை என்பது கண்ணில் படும்படி சொல்லப்பட வேண்டிய செய்தி.

இதே இயல்பு சாய்வெழுத்திலும் காணப்படுகிறது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் இல்லை. அழுத்தம் தரும் கட்டளையை ஆசிரியர் கோப்பில் இட்டிருந்தால், அந்த இடத்தில் நேர்வடிவமே வந்துவிடும். எச்சரிக்கை மறுபடியும் பதிவுக் கோப்புக்குள். ஆட்டோஃபேக்ஸ்லான்ட் விருப்பத்தால் செயற்கையாகச் சாய்க்கலாம் என்றாலும், வட்டமும் சுழியும் நிறைந்த தமிழ் எழுத்து இயந்திரச் சாய்வில் அழகு கெடுகிறது என்பது என் கருத்து. இடாலிக்ஃபாண்ட் என்ற விருப்பத்தில் வேறொரு தமிழ் எழுத்துருவை, சற்றே கனம் வேறுபட்டதாகத் தேர்ந்து கொடுத்துவிடுவது மேல். தமிழ் அச்சு மரபிலும் வேறுபடுத்திக் காட்டுவதற்குச் சாய்வைவிடத் தடிப்பே பழக்கம்.

எழுத்துருவில் இல்லாத குறி என்ற சிக்கலும் உண்டு. பத்திரிகைகளில் தமிழ் ஆண்டின் பெயருக்குப் பின் ௵ குறியையும், மாதத்துக்கு ௴ குறியையும், நாளுக்கு ௳ குறியையும் இடுவது நம் பக்கத்தில் இன்னும் வழக்கில் இருக்கிறது. இவை யூனிகோடில் தனி எழுத்துகளாகவே உள்ளன. ஓப்பன்டைப் விதியால் வரவழைக்க வேண்டியவை அல்ல. தமிழ் எண்களும் அவ்வாறே. ௧, ௨, ௩ என்பன தனி எழுத்துகள் என்பதால், 1 என்று தட்டிவிட்டு உருவத்தை மட்டும் ௧ ஆக மாற்றும் விதியைத் தேடக் கூடாது. பக்க எண்ணைத் தமிழ் எண்ணாக்க வேண்டுமானால் அது மொழி சார்ந்த அமைப்புகளைக் கவனிக்கும் பேபல் தொகுப்பின் வேலை. தேர்ந்த எழுத்துருவில் ௵ இல்லாவிட்டால் அந்த இடம் வெற்றிடமாகவோ கட்டமாகவோ அச்சாகும். டெக் லைவின் 2021 வெளியீட்டுக்குப் பிறகு இதற்கு நல்ல தீர்வு கிடைத்திருக்கிறது: ட்ரேசிங்லாஸ்ட்சார்ஸ் என்ற அளவுருவுக்கு 3 என்ற மதிப்பைக் கொடுத்தால், இல்லாத எழுத்தைச் சந்திக்கும் இடத்திலேயே பிழை அறிவிப்போடு ஓட்டம் நிற்கும். ஃபாண்ட்ஸ்பெக்கின் விருப்ப எச்சரிக்கைகளும் இப்படி நின்று பேசினால் மேற்சொன்ன குறையைச் சொல்ல வேண்டியிருக்காது.

அதுவரை செய்யக்கூடியது, எழுத்துருவை வேலையில் ஏற்றும் முன் அதன் உள்ளடக்கத்தைப் பார்த்துவிடுவது. டெக் லைவ் தொகுப்போடு வரும் ஓடிஎஃப்இன்ஃபோ என்ற சிறு நிரல், எழுத்துருவில் எந்தெந்த எழுத்து முறைகள் பதிவாகியுள்ளன, எந்தெந்த விதிகள் உள்ளன என்பதை வரிசையாக எழுதிக் காட்டும். மளிகைச் சாமானைப் பிரித்துப் பார்த்து வாங்குவது போல இதை ஒரு வழக்கமாக்கிக்கொண்டால் பின்னால் வரும் ஏமாற்றம் பெரும்பாலும் குறையும். விலைக்கு வாங்கும் எழுத்துருவானால் மாதிரிக் கோப்பைக் கேட்டு இந்தச் சோதனையைச் செய்த பிறகு பணம் கொடுப்பது நல்லது. அட்டையில் ஓப்பன்டைப் என்று எழுதியிருப்பது விதிகள் இருக்கின்றன என்பதற்குச் சான்றாகாது.

உருது பக்கங்களில் இத்தொகுப்பின் நடத்தை நிறைவாக இருக்கிறது. ஸ்கிரிப்ட் அரபிக் என்பதோடு லாங்குவேஜ் உருது என்றும் கொடுக்க வேண்டும். இரண்டாவதைச் சிலர் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் நான்கு, ஆறு, ஏழு ஆகிய எண்கள் பாரசீகத்திலும் உருதுவிலும் ஒரே குறியீட்டெண் கொண்டவையாயினும் வடிவத்தில் வேறுபடுகின்றன. பல எழுத்துருக்களில் உருது வடிவத்தைத் தருவது மொழி சார்ந்த விதிதான். திருமணத் தேதியில் எண் வேறு வடிவத்தில் நின்றால் வாணியம்பாடியில் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். உருது எழுதப்படும் நஸ்தாலிக் எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவதோடு சொல்லுக்குள் சரிந்து இறங்கவும் செய்வதால் வரி இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும். இது ஃபாண்ட்ஸ்பெக்கின் எல்லைக்குள் வராது, பக்க அமைப்பில் தனியே பார்த்துக்கொள்ள வேண்டியது. தெலுங்குக்கு ஸ்கிரிப்ட் தெலுங்கு என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. அங்கும் ஒத்துகள் (கூட்டெழுத்தின் அடிப்பகுதிகள்) கீழே தொங்குவதால் வரி இடைவெளியை மட்டும் கவனித்தால் சரி. கிரந்தம் 2014இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டது. நோட்டோ வரிசையில் அதற்கு எழுத்துருவும் உண்டு. தொகுப்பின் பட்டியலில் ஓர் எழுத்து முறை இல்லாவிட்டாலும் அதன் நான்கெழுத்துக் குறியீட்டைக் கொடுத்து நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், கல்வெட்டு வரிகளுக்குத் தமிழிலிருந்து கிரந்தத்துக்கும் மறுபடி தமிழுக்கும் மாறிச் செல்வது கடினமாக இல்லை.

ஆங்கிலமும் தமிழும் கலந்த பக்கத்தில் அளவுப் பொருத்தம் ஒரு சிக்கல். ஒரே புள்ளி அளவில் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஸ்கேல் விருப்பத்துக்கு மேட்ச்லோயர்கேஸ் என்று கொடுத்தால் தொகுப்பே கணக்கிட்டுப் பொருத்தும் என்று விளக்கம் சொல்கிறது. அந்தக் கணக்கு ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழில் அப்படியோர் உயரமே இல்லாததால் விளைவு எழுத்துருவுக்கு எழுத்துரு மாறுகிறது. ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கண்ணால் பார்த்து, 0.85 அல்லது 0.9 என்று எண்ணாகவே கொடுத்துவிடுவது நம்பகமானது. லெட்டர்ஸ்பேஸ் விருப்பத்தைத் தமிழ்த் தலைப்புகளில் பயன்படுத்த வேண்டாம். ‘கொ’வின் கொம்பும் ககரமும் காலும் தனித்தனி உருவங்கள் என்பதால் இடைவெளி எழுத்துக்குள்ளேயே விழுந்து எழுத்து சிதறும்.

அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது, ஏனெனில் நம் பக்கத்து அச்சகங்களில் பேஜ்மேக்கருக்கு அடுத்தபடியாக அதுதான் வழக்கில் இருக்கிறது. அங்கே வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தால் தமிழ் சரியாக வருகிறது. மாற்று உருவங்களைப் பலகையில் கண்ணால் பார்த்துச் சொடுக்கி எடுக்கலாம். எழுத்துருவில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தவுடன் அறிய முடிவது அதன் பெரிய பலம். ஃபாண்ட்ஸ்பெக்கில் அது கிடையாது. ஒரு பக்கப் பத்திரிகைக்கும் சுவரொட்டிக்கும் இன்டிசைனே பொருத்தம். நூல் வேலையில் நிலைமை மாறுகிறது. அடிக்குறிப்பு, பொருளடக்கம், சொல்லடைவு, நான்கு எழுத்து முறைகள் என்று வரும்போது ஒரு முறை எழுதி வைத்த அமைப்பு நூல் முழுவதும் பிறழாமல் நடப்பது லாடெக்கில்தான். லிப்ரே ஆஃபீஸில் எழுத்துருப் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு விதியின் குறியீட்டை எழுதினாலும் இதே வசதிகள் கிடைக்கும். சிறு வேலைகளுக்கு அது போதும்.

மின்னூலாகவும் கேட்கும் வாடிக்கையாளர்களுக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பு இடம் மாறிக் குழம்பி வருவது பழைய தொல்லை. லுவாலாடெக்கில் ஹார்ஃப்பஸ் வழியாகக் கோக்கும்போது மூல எழுத்துகளும் கோப்பில் பதிவாவதால் இத்தொல்லை பெரிதும் நீங்குகிறது. ஸீடெக்கில் இதற்கென உள்ள ஆக்சுவல்டெக்ஸ்ட் அளவுருவை 1 ஆக்க வேண்டும். பழைய வடிவ ‘னை’யில் அச்சிட்ட பக்கத்திலும் புதிய வடிவில் தட்டித் தேடினால் சொல் அகப்படுகிறது.

செலவைப் பொறுத்தவரை தொகுப்பும் இயந்திரங்களும் இலவசம்; டெக் லைவ் முழு நிறுவல் பல ஜிபி இடம் பிடிக்கும், இறங்க நேரம் ஆகும். கற்பதற்குப் பொறுமை வேண்டும். அச்சகத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் பையனிடம் முதல் வாரத்திலேயே கொடுக்கும் கருவியாக இதைக் கருத முடியாது. ஆய்வேடு கட்டுவோர், தனி ஆளாக நூல் செய்வோர், மறுபதிப்புப் பதிப்பாளர்கள் ஆகியோர் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் முதல் நாளே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எழுத்துருவைக் கணினியில் நிறுவி அதன் பெயரால் அழைப்பதற்குப் பதிலாக, எழுத்துருக் கோப்பை நூலின் கோப்புறைக்குள்ளேயே போட்டு, பாத் விருப்பத்தில் அந்த இடத்தைக் குறித்துவிட வேண்டும். அதே பெயரில் வேறு பதிப்பு எழுத்துரு இருக்கும் கணினியில் கோப்பைத் திறந்தால் விதிகள் மாறி, வரிகள் நகர்ந்து, மெய்ப்புப் பார்த்து முடித்த பக்க எண்கள் எல்லாம் தள்ளிப் போகும். எழுத்துருவும் நூலோடு கூடவே பயணம் செய்தால் சத்துவாச்சாரியில் கட்டிய பக்கம் சிவகாசியில் ஓட்டினாலும் அதே பக்கமாக வரும்.